வெள்ளையடித்த அறை

லோர்னா பயந்ததெல்லாம் குளிருக்குத்தான்.

பிப்ரவரியில் தண்டர் பே நகரில் வீடு மாறுகிறவர்கள் சோபா நனையக் கூடாது, பாத்திரம் உடையக் கூடாது என்று கவலைப்படுவார்கள். லோர்னாவுக்கு சோபாவும் பாத்திரமும் ஒரு பொருட்டே இல்லை. அவளிடம் மூன்று உயிர்கள் இருந்தன. மூன்றுக்கும் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. அன்று காலை வெளியே மைனஸ் இருபத்தேழு.

ஒன்று மர்ஃபி, முழங்கை நீளத் தாடி ஓணான். கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே இருக்கும் முள்தாடியை உப்பிக் கறுப்பாக்கிக் காட்டும். அடுத்தது ஓல்கா, சின்ன ரக மலைப்பாம்பு. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். மூன்றாவது பீனட். உள்ளங்கையில் அடங்கும் புள்ளிப் பல்லி, மூன்றிலும் மூத்தது. லோர்னாவின் முதல் கல்யாணம் முறிந்த வருஷம் வாங்கியது அது.

ஒரு வாரமாக மூன்றுக்கும் இரை போடவில்லை. வயிற்றில் இரை இருக்கும்போது குளிர் தாக்கினால் செரிக்காமல் அழுகிவிடும். தெர்மோகோல் பெட்டிக்குள் துண்டு சுற்றிய வெந்நீர்ப் பைகள், அவற்றின் நடுவே துணிப் பைகளில் மூன்று பிராணிகள். கிளம்புவதற்கு முன் வேனை நெடுநேரம் ஓடவிட்டுச் சூடாக்கியிருந்தாள். பழைய அடுக்குமாடி வீட்டின் சாவியைக் கொடுத்தாயிற்று. மதியம் அங்கே வேறு குடும்பம் வந்துவிடும். இனிமேல் திரும்பிப் போக இடம் இல்லை. போக வேண்டிய வீடு கார்னெட்டினுடையது.

கார்னெட் பூட்ரோவை அவள் இலையுதிர் காலத்தில்தான் கல்யாணம் செய்திருந்தாள். இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். அவன் ஏரித் துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை பார்த்தான், அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். அவளுடைய வாடகை ஒப்பந்தம் முடியும்வரை இரண்டு வீடாகவே காலம் தள்ளினார்கள். கார்னெட் அவள் வீட்டுக்கு வந்தால் கூண்டுகள் இருக்கும் அறையின் வாசலோடு நின்றுகொள்வான். "என்ன மேடம், சௌக்கியமா?" என்று ஓல்காவை அங்கிருந்தே விசாரிப்பான். ஒரு தடவை, "அந்தப் பாம்பு ஒருநாள் காணாமப் போச்சுன்னா நான் ஒண்ணும் அழுதுட்டு உக்காந்திருக்க மாட்டேன்," என்றான். லோர்னாவும் சிரித்தாள்.

வேன் வந்து நின்றதும் அவன் செருப்போடு வாசலுக்கு ஓடி வந்தான்.

"பெட்டிய அப்புறம் எடுக்கலாம், முதல்ல உள்ள வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

"முதல்ல இதுங்கதான். வழிய விடு."

"இதுங்களுக்குத்தான் காட்டப்போறேன். வாயேன்."

பின்பக்க அறையின் கதவைத் திறந்தான். பழைய மஞ்சள் கறை படிந்த சுவர் இப்போது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கூரையும் வெள்ளை. கூண்டுகளுக்காகப் புதிதாக மேசை அடித்துப் போட்டிருந்தான். லோர்னா சுவரில் விரலை வைத்துப் பார்த்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது.

"எப்ப அடிச்ச?"

"அதெல்லாம் எப்பவோ. பிடிச்சிருக்கா?"

அவளுக்காக யாரும் அறை தயார் செய்து வைத்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்ததுமே ஒன்று கேட்டிருப்பார்கள். போன வசந்தத்தில் வந்த காய்ச்சலோடு லோர்னாவின் மோப்பம் போய்விட்டிருந்தது. காபியும் கருகிய ரொட்டியும் அவளுக்கு ஒன்றுதான். காலையில் பேருந்தை எடுக்குமுன் பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "டீசல் நாத்தம் வருதான்னு பாருங்க" என்று கேட்பது வழக்கமாகிவிட்டிருந்தது. அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் மனசு முழுக்கக் குளிர்தான்.

கூண்டுகளை வைத்து விளக்குகளைப் போட்டாள். வெப்பமானி சரியான சூட்டைக் காட்டியபின் ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள். பெரிய கண்டம் தாண்டியதுபோல இருந்தது. இருவரும் மற்றச் சாமான்களை இறக்கப் போனார்கள்.

இரண்டாம் முறை எட்டிப் பார்த்தபோது மர்ஃபி வாயைத் திறந்து வைத்திருந்தது. சூடு அதிகமானால் தாடி ஓணான் அப்படித்தான் வாயைப் பிளக்கும். விளக்கை உயர்த்திக் கட்டினாள். அடுத்த முறை வந்தபோதும் வாய் மூடவில்லை. சூடு குறைந்திருந்தது, ஆனால் மர்ஃபியின் விலா ஏறி ஏறி இறங்கியது. ஓல்கா சுருளவில்லை. உடம்பைக் கீழே கிடத்தி, தலையை மட்டும் கூரையைப் பார்த்து நிமிர்த்தி வைத்திருந்தது. பீனட் பொந்துக்குள் போகாமல் கண்ணாடியோரம் வயிறு தரையில் படக் கிடந்தது.

வழியில் குளிர் பட்டுவிட்டதோ? துணிப் பையில் காற்று போதவில்லையோ? வெந்நீர்ப் பை அதிகச் சூடாக இருந்ததோ? லோர்னா கழற்றிய சாப்பாட்டு மேசைக்கால் ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்று ஒவ்வொன்றாக யோசித்தாள். எல்லாவற்றையும் யோசித்தாள், அந்த அறையின் காற்றைத் தவிர.

அப்போதுதான் பக்கத்து வீட்டு தூலா வந்தாள். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவள், வாய் கொஞ்சம் நீளம். புதிதாக வந்தவளைப் பார்க்க ஏலக்காய் போட்ட பின்னல் ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தாள். காலணியைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"அடேயப்பா. என்னத்தக் கொட்டினீங்க? கண்ணெல்லாம் எரியுது."

"எதுவும் கொட்டலையே," என்றான் கார்னெட்.

"பெயின்ட்டு நாத்தம் தெருவரைக்கும் அடிக்குது. இதுக்குள்ள எப்படி நிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

லோர்னா கையிலிருந்த மேசைக்காலைக் கீழே வைத்தாள்.

"கார்னெட், அந்த ரூம எப்ப அடிச்ச?"

"வியாழக்கிழமை. காஞ்சிருச்சே, நீயே தொட்டுப் பாத்தியே."

"இன்னிக்கு சனிக்கிழமை. உனக்கு நாத்தம் வரலையா?"

"முதல் நாள் இருந்துது. அப்புறம் போயிருச்சு." சொல்லும்போதே அவன் முகம் மாறியது. அந்த வீட்டுக்குள்ளேயே தூங்கி, தின்று, அந்த வாடைக்கு அவன் மூக்கு பழகிப் போயிருந்தது.

"என்ன பெயின்ட்?"

"ப்ரைமர்தான், முதல் பூச்சு அடிக்கிறது. ஆயில் ப்ரைமர். கறைய அமுக்கணும்னா அதுதான் நல்லதுன்னு..."

அவள் முழுதும் கேட்கவில்லை. அறைக்குள் ஓடி ஜன்னலைத் தள்ளினாள். சட்டத்தைச் சுற்றி உள்பக்கமே விரல் தடிமன் பனி உறைந்திருந்தது, அசையவில்லை. அறையை விட்டு வேறு எங்கே கொண்டுபோவது? அடித்தளத்தில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் உலை எல்லா அறைக்கும் ஒரே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் நல்ல காற்று இருக்கும் இடம் என்று எதுவும் இல்லை. வெளியே போனால் மைனஸ் இருபத்தேழு.

"உன் வண்டிய ஸ்டார்ட் பண்ணு. ஹீட்டர முழுசா வை."

வெந்நீர்ப் பைகள் ஆறிப் போயிருந்தன. மர்ஃபியைத் துண்டில் சுற்றித் தன் மார்போடு அணைத்து மேல்கோட்டைப் பூட்டினாள். பீனட்டை உள்சட்டைப் பையில் வைத்தாள். ஓல்காவைத் தலையணை உறைக்குள் விட்டு முடிந்தபோது அவளிடம் இடம் இல்லை. கார்னெட் வாசலில், வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றிருந்தான்.

"கோட்டத் திற," என்றாள்.

அவன் திறந்தான். அவள் உறையை அவன் வயிற்றோடு வைத்தாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜிப்பை மேலே இழுத்தான்.

"நகருது," என்றான்.

"நகரட்டும். நகந்தா நல்லதுதான்."

பிக்கப் வண்டிக்குள் ஏறியதும் லோர்னா டாக்டருக்குப் போன் செய்தாள். ஊர்வன பார்க்கிற டாக்டர் அந்த ஊரில் ஒருத்திதான், பெயர் பெல்லெர். போனில் அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் ஹாக்கி விளையாடும் கூச்சல் கேட்டது.

"முதல்ல அங்கேர்ந்து வெளிய எடுங்க. எடுத்தாச்சா? சரி. முப்பது டிகிரி சூட்டுல, அமைதியான எடத்துல வைங்க. தண்ணி வைக்கலாம், தீனி வேண்டாம். அந்த ரூம்ல இருந்த கூண்டு, கட்டை, காகிதம் எதையும் கூட எடுத்துட்டுப் போகாதீங்க, எல்லாத்துலயும் வாடை ஏறியிருக்கும். மூக்குல நுரை கட்டினா நேரம் காலம் பாக்காம எனக்குப் போன் போடுங்க. கிளினிக்கைத் திறக்கிறேன்."

"பொழச்சிருமா?"

"இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா. நுரையீரல் கெட்டிருந்தா நாலு நாள் கழிச்சுத்தான் வெளிய தெரியும்."

போனை வைத்ததும் வண்டிக்குள் ஹீட்டரின் இரைச்சல் மட்டும் இருந்தது. லோர்னாவுக்கு இன்னொரு பயம் பிடித்தது. நின்ற வண்டியில் புகைக்குழாய் பனியில் அடைபட்டால் புகை உள்ளேதான் வரும். வந்தாலும் அவளுக்குத் தெரியாது. சொன்னதும் கார்னெட் இறங்கினான். வயிற்றில் பாம்பைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கோட்டைத் தாங்கி, மறு கையால் மண்வெட்டியைப் பிடித்துக் குழாயைச் சுற்றியிருந்த பனியை வாரித் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அவள் அவனைப் பார்க்காமல் கேட்டாள். "ஏன் சொல்லல எங்கிட்ட?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு."

"எனக்கு மோப்பம் கிடையாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இதுங்களக் கண்டா உனக்குப் பிடிக்காதுன்னு எனக்கும் தெரியும்."

அவன் சட்டென்று திரும்பினான். "என்ன சொல்ல வர்ற?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லிரு லோர்னா. வேணும்னே செஞ்சேன்னு நினைக்கிறியா?"

நினைக்கவில்லை என்று சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினான். குரல் தணிந்திருந்தது. "பதினெட்டு வருஷம் அந்த ரூம்ல உக்காந்து சிகரெட் பிடிச்சிருக்கேன். நீதான் ஒரு தடவை சொன்ன, சிகரெட் வாடை இருந்தாலே மர்ஃபிக்கு மூச்சு முட்டும்னு. கடையில கேட்டேன், சிகரெட் கறையும் வாடையும் போக என்ன அடிக்கிறதுன்னு. இதக் கொடுத்தாங்க. வீட்ல பல்லி இருக்கு, பாம்பு இருக்குன்னு நான் அவங்ககிட்ட சொல்லல. சொல்லத் தோணல."

லோர்னா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். கோட்டுக்குள் மர்ஃபி மூச்சுவிடும்போது சின்னதாக ஒரு சொடுக்குச் சத்தம் கேட்டது. அதை எண்ணாமல் இருக்க முயன்றாள்.

கண்ணாடியைத் தட்டினாள் தூலா. தலையில் பெரிய கம்பளித் தொப்பி.

"எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருக்கப் போறீங்க? எங்க வீட்டு அடித்தளத்துல சவுனா இருக்கு. ரூம் சின்னது, சூடு நிக்கும். வாங்க."

"உங்களுக்குப் பாம்புன்னா..."

"பாம்புன்னா எனக்கு உயிரே போயிரும். நான் மேல மாடியில இருந்துக்கறேன். கதவு மட்டும் சாத்தியிருக்கணும், அவ்வளவுதான்."

லோர்னாவுக்கு அங்கேயும் சந்தேகம். சவுனா எனும் நீராவிக் குளியல் அறைகளுக்குச் சீடர் மரம் போடுவார்கள். அந்த மரத்தின் எண்ணெய் வாடையும் ஊர்வனவற்றுக்கு ஆகாது. "உள்ள என்ன மரம்? சீடரா?"

"ஆஸ்பென், வாசனையே இல்லாத மரம். எங்கப்பா அடிச்சது. சீடர் வாசனை அவருக்கு ஆகாது, தும்மிக்கிட்டே இருப்பார்."

"வார்னிஷ் ஏதாவது?"

"சவுனாவுல யாராவது வார்னிஷ் அடிப்பாங்களாம்மா? சூட்டுல பின்பக்கம் ஒட்டிக்காதா?"

கார்னெட் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான்.

தூலாவின் சவுனா இரண்டு பேர் நீட்டிப் படுக்கிற அளவு. அடுப்பைப் போடாமல், சின்ன எண்ணெய் ஹீட்டரை மூலையில் வைத்துச் சூட்டை முப்பதில் நிறுத்தினார்கள். தூலா பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்றை வெந்நீரில் கழுவிக் கொடுத்தாள், மூடியில் ஓட்டை போட்டுக்கொள்ளச் சொன்னாள். பெட்டிகளுக்கு மத்தியில் மரப்பலகையில் லோர்னா படுத்துக்கொண்டாள். புருஷன் வீட்டுக்கு வந்த முதல் நாள் அடுத்த வீட்டில் கழிந்தது. தூலா மேலேயிருந்து போனில் யாரிடமோ சொல்வது கேட்டது. "வந்து ஒரு பொழுது ஆகல, பொண்டாட்டி இங்க ஓடி வந்துட்டா. சண்டையெல்லாம் இல்ல. பெயின்ட்டு."

ஞாயிற்றுக்கிழமை பீனட்டின் மூக்கில் நுரை வந்தது. ஊசிமுனை அளவு ஒரு குமிழி, உடைந்து மறுபடி வந்தது. பெல்லெர் கிளினிக்கைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஆக்ஸிஜன் பெட்டிக்குள் வைத்து ஊசி போட்டாள். மர்ஃபிக்கும் ஓல்காவுக்கும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, பீனட்டை அங்கேயே வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை லோர்னா பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தைத் திருப்பியபோது போன் வந்தது.

கிளினிக்குக்கு கார்னெட்டும் வந்தான். பீனட்டை ஒரு வெள்ளைத் துணியில் வைத்திருந்தார்கள். புள்ளிகள் மங்கியிருந்தன.

"பெயின்ட்டாலதானே?" என்று டாக்டரைக் கேட்டது கார்னெட்.

பெல்லெர் லோர்னாவைப் பார்த்தாள்.

"நுரையீரல் ஏற்கெனவே வயசான நுரையீரல். ஆனா பெயின்ட்டும் ஒரு காரணம்தான். அது இல்லைன்னா இன்னும் எத்தனை நாள் இருந்திருக்கும்னு கேக்காதீங்க. தெரியாது."

வீட்டுக்கு வரும் வழியில் கார்னெட் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "திட்டணும்னா திட்டிரு," என்றான்.

"திட்டினா என்ன ஆகப் போகுது."

"பேசாம இருக்கியே, அதுதான் தாங்கல."

"பேசினா தப்பா ஏதாவது சொல்லிருவேன். வண்டிய எடு."

ஏரி உறைந்து கப்பல் நின்றுவிட்டதால் தானியக் கிடங்கில் அந்த மாதம் வேலை குறைவு. கார்னெட் பகலெல்லாம் தன் வீட்டில் ஜன்னல் பனியைச் சுரண்டினான், உலைக் காற்று அந்த அறைக்குப் போகும் துளையை அடைத்தான், மின்விசிறியை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்தான். அறையின் கதவுக்குக் கீழே ஈரத் துணி திணித்தான். மாலையில் தூலாவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வான்.

"இருக்கு," என்பாள் அவள்.

"எவ்வளவு?"

"எவ்வளவுன்னா? அளந்தா சொல்ல முடியும்? இருக்கு."

லோர்னா பேருந்து ஓட்டப் போகும் காலையிலும் பிற்பகலிலும் சவுனாவில் யாராவது இருக்க வேண்டும். தூலா வாசல் தாண்ட மாட்டாள். முதல் இரண்டு நாள் கார்னெட் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தான். பிறகு உள்ளே போனான். மர்ஃபிக்கு மருந்து கொடுக்க வேண்டிய வேளை லோர்னாவின் பிற்பகல் ஓட்டத்தில் வந்தது. வேறு வழியில்லை. தாடையின் ஓரத்தை விரலால் மெதுவாகத் தட்டினால் வாய் திறக்கும் என்று அவள் செய்து காட்டினாள். மருந்து பாதி மர்ஃபியின் தாடியில் வழிந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் லோர்னா. "அது கடிக்காது."

"அது கடிக்கும்னு நான் பயப்படல. நான் ஏதாவது பண்ணிருவேனோன்னுதான்."

அவள் மருந்துக் குழலை மறுபடி அவன் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பேருந்தில் தனியாக இருந்தபோது கொஞ்சம் அழுதாள். பீனட் போனதிலிருந்து அழுகை வந்தது அப்போதுதான்.

மார்ச் பிறந்தது. ஓல்கா பந்தாகச் சுருளத் தொடங்கியது. மர்ஃபி மட்டும் எதையும் தின்னவில்லை. வாலின் அடிப்பகுதியில் எலும்பு தெரிந்தது. பெல்லெர் குழாய் வழியாக ஊட்ட வேண்டியிருக்கும் என்றாள். லோர்னா தினமும் எடை போட்டாள், எடை தினமும் கொஞ்சம் இறங்கியது. இரவில் கண்ணை மூடினால் அந்தச் சொடுக்குச் சத்தம் கேட்டது. எழுந்து காதை வைத்தால் மர்ஃபி அமைதியாகத்தான் இருந்தது.

ஒரு வியாழன் பிற்பகல் அவள் திரும்பி வந்தபோது படிக்கட்டின் உச்சியில் தூலா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"போய்ப் பாரு. என் சவுனாவுல வெட்டுக்கிளி குதிக்குது."

உள்ளே கார்னெட் பனியனோடு தரையில் முட்டி போட்டிருந்தான், வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. டப்பா கவிழ்ந்து பூச்சிகள் பலகைக்கு அடியில் ஓடிவிட்டிருந்தன. மர்ஃபி பெட்டிக்கு வெளியே, மரப்பலகையின் மேல் நின்றது. தலையைச் சாய்த்து ஒரு பூச்சியைப் பார்த்தது. கார்னெட் மூச்சைப் பிடித்தபடி கையை உயர்த்தி அவளை வாசலிலேயே நிறுத்தினான்.

மர்ஃபி பாய்ந்தது. ஒரு நொறுக்குச் சத்தம். மறுபடி பாய்ந்தது.

"ரெண்டு," என்றான் கார்னெட் மெல்ல. "இதுக்கு முன்னாடி ஒண்ணு. மொத்தம் மூணு." அவன் கண்ணில் நீர் நின்றது. துடைக்கவில்லை.

லோர்னா அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மர்ஃபி நாலாவதைத் தேடிப் போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு வண்டியில, நீ வேணும்னே செஞ்சேன்னு நினைச்சேன்," என்றாள். "கொஞ்ச நேரம்தான். ஆனா நினைச்சேன்."

"தெரியும்."

"பீனட்ட நினைச்சா இன்னும் உம்மேல கோவம் வருது. அது எப்பப் போகும்னு எனக்குத் தெரியல."

"இருக்கட்டும்," என்றான். "அதோடயே வீட்டுக்கு வா."

மாதக் கடைசியில் ஒருநாள் தூலா அந்த அறையில் நெடுநேரம் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள். "நாலு வாரமா சவுனா குளிக்கலன்னு பொய் சொல்றேன்னு நினைக்காத. நிஜமாவே ஒண்ணும் இல்ல."

லோர்னா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையை அசைத்தாள். "இல்ல தூலா. இந்த ரூம் வேண்டாம். என்னால இங்க விட்டுட்டு வேலைக்குப் போக முடியாது."

அன்று பிற்பகலே கார்னெட் முன்னறையிலிருந்த பெரிய டிவியையும் தன் சாய்வு நாற்காலியையும் வெள்ளை அறைக்கு இழுத்துப் போனான். முன்னறையின் தெற்கு ஜன்னலோரம், வெயில் விழும் இடத்தில், புதுக் கூண்டுகள் இரண்டை வைத்தார்கள். பழையவற்றை அவன் ஏற்கெனவே குப்பைக்கு அனுப்பியிருந்தான். மர்ஃபியை லோர்னா தூக்கி வந்தாள். ஓல்காவை அடுத்த வீட்டிலிருந்து அவனே கொண்டுவந்தான். கோட்டுக்குள், தலையணை உறை இல்லாமல். தூலா தன் சமையலறை ஜன்னலின் திரையை இழுத்து மூடிக்கொண்டாள்.

முன்னறையில் அவன் குனிந்து பாம்பை உள்ளே இறக்கினான். அது கையைவிட்டுப் போக மனமில்லாமல் மணிக்கட்டைச் சுற்றியிருந்தது. அவசரப்படுத்தாமல் நின்றான். வால்நுனி அவிழ்ந்ததும் கதவைச் சாத்தி, பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

"சூடு சரியா இருக்கா பாரு," என்றாள் லோர்னா சமையலறையிலிருந்து.

"முப்பத்தொண்ணு."

"மூச்சு? சொடுக்குச் சத்தம் எதுவும் வருதா?"

அவன் கண்ணாடியில் காதை வைத்தான். அவள் கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சத்தம் எதுவும் இல்ல," என்றான். "நீயும் வந்து கேளு."